நாலாம் நாள் மருந்து

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் டே. நாலாம் நாளு…" நாலாம் நாள் என்ன ஆகும் என்பது சைலப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. முன்பாதி ஊருக்கே தெரிந்ததுதான். பின்பாதி திருமலைச் சித்தப்பாவின் சொந்தச் சரக்கு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் ஓடும் பாயசத்தைக் கையால் அணை கட்டி வழித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடிக்குமுன் தானே சிரித்துவிடுவார். பிறகு பந்தி சிரிக்கும். சிரிப்பு மட்டும் இன்னும் காதில் நிற்கிறது, சொல் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. நாலாம் நாள் விருந்தாளிக்குப் பழையது என்றா? நாலாம் நாள் மருந்து வீட்டுக்காரனாகிவிடும் என்றா? இரண்டையும் மனசுக்குள் சித்தப்பா குரலில் சொல்லிப் பார்த்தான். இரண்டுக்கும் அந்தச் சிரிப்பு வரவில்லை. சுவரில் தோளைக் கொடுத்து, இடது காலின் பாரத்தை வலது காலுக்கு மாற்றினான். பாளையங்கோட்டையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த வலி மருத்துவமனை. காத்திருப்பவர்களுக்கு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள், ஓட்டை ஓட்டையாக, ஒன்றோடொன்று பிணைத்தது. ஓரத்தில் ஒருவர் இருமினால் மற்ற ஓரத்தில் இருப்பவரின் முதுகு குலுங்கும். வலிக்காரர்கள் வருகிற இடத்துக்கு இந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்த மகராசன் யாரோ. அதனால்தான் நிற்கிறான். நின்றாலும் அது இருந்தது, இடுப்பின் இடப்பக்கம், பெல்ட் அழுத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. இப்போதைக்குக் குடைச்சல்தான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தொடாமல் தாண்டி, கணுக்காலில் போய்த் திகுதிகுவென்று பிடிக்கும். காலையில் போட்ட மாத்திரை இறங்க இறங்க அது ஏறும். தராசுத் தட்டு மாதிரி. இந்த உவமையை இங்கிலீஷில் டாக்டரிடம் சொன்னபோது நன்றாக இருந்தது. அத்தானிடம் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர், நயினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே நாற்காலியில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடுகிற டிவியில் ஒரு பெண் கத்தரிக்காய் அரிவதை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிவந்தது இவனாக விரும்பி அல்ல. முதுகை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தான். போன தடவை டாக்டர் மெஹருன்னிசா சீட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், அடுத்த முறை வீட்டில் இருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகுதான் நான் எதையும் எழுதுவேன் என்று. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மாத்திரை நாளுக்கு முன்னாலேயே தீர்ந்துபோகிறதே, நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அந்த அம்மாளின் மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு காய்ந்த அரச இலை இருந்தது. அதையே பார்த்தான். இருக்கலாம் என்றான், இங்கிலீஷில். தெரியவில்லை என்பதை 'இருக்கலாம்' என்று சொன்னான். தெரியவில்லை என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான், தன் கை தன் வாயில் எதைப் போடுகிறது என்று தெரியவில்லை என்று? டாக்டர் பிறகு வழிகளைச் சொன்னார். இதே மாத்திரையைத் தொடரலாம், ஆனால் கையில் மொத்தமாகத் தர மாட்டேன். இல்லையென்றால் தோலில் ஒட்டுகிற மருந்து இருக்கிறது, பிளாஸ்திரி மாதிரி, ஒரு தடவை ஒட்டினால் ஒரு வாரம், மெதுவாக உள்ளே இறங்கும், ஏற்றமும் இறக்கமும் தெரியாது. அதுவும் இதே இனம்தான், அபினுக்குச் சொந்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பயிற்சியும் நரம்பு மருந்துமாக, மிச்சமிருக்கிற வலியோடு வாழப் பழகுவது. எதுவும் பாவமில்லை, எதுவும் புண்ணியமும் இல்லை என்றார். யோசித்து வாருங்கள். யோசித்தான். யோசிக்கிறது என்ன, புண்ணை நாக்கு தொடுகிற மாதிரி தொட்டுத் தொட்டுத் திரும்பினான். மூன்றாவதைச் சொன்னால் ஆண்பிள்ளை. முதலாவதைச் சொன்னால் இன்றைக்குச் சாயங்காலம் நிம்மதி. நடுவில் இருப்பதற்குத்தான் முகமே இல்லை, முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், யார் கண்ணிலும் படாமல்.

"நின்னுக்கிட்டே இருக்கியே மாப்ளே, சாமி வந்துரும். வந்து இரி," என்றார் அத்தான். "இல்ல அத்தான், நிக்கதுதான் நல்லாருக்கு." "நிக்கதுக்கு எதுக்குடே அமெரிக்கா போனே? இங்கயே டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நிறுத்தியிருப்பேனே." பக்கத்து நாற்காலியில் கழுத்துப் பட்டை போட்டிருந்த பெரியவர் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிச் சிரித்தார். இவனும் சிரித்தான். அமெரிக்காவில் நின்றது இல்லை, விழுந்ததுதான். ஒஹாயோவில், அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடி மாதிரி உறைந்திருந்த தண்ணீரில். விழுந்தபோது வலிக்கவில்லை, வெட்கமாக இருந்தது, யாராவது பார்த்தார்களா என்று படுத்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தான். வலி பிறகு வந்தது, அறுவைச் சிகிச்சை அதற்குப் பிறகு, அதற்கும் பிறகு வந்த வலிக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு நர்ஸ், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பாள். கடுக்குது, குத்துது, உளையுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குங்குது, மரமரங்குது. இதில் எதை எடுத்து ஆறு என்பது, எதை எடுத்து ஏழு என்பது? ஏழு என்று சொன்னால் மாத்திரை கிடைத்தது. அப்புறம் ஏழு என்று சொல்வதற்காகவே அது ஏழாக வலித்ததோ என்னவோ. பக்கத்து வீட்டு ராண்டி, இவன் வீட்டுப் புல்லைக் கேட்காமலே வெட்டிக் கொடுக்கிற மனுஷன், ஒரு நாள் கதவைத் தட்டி, பல் வலி, உன் மாத்திரை ஒன்று கிடைக்குமா என்றான். கொடுக்கவில்லை. அவன் பல்லெல்லாம் வரிசையாக, வெள்ளையாக இருந்தது. கதவுக்கு வெளியே நின்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். அந்தக் கை. இப்போது சைலப்பன் தன் கையைப் பார்த்தான். சட்டைப் பைக்கு மேல் வைத்திருந்தான், பை காலியாக இருந்தது, அவசரமாகக் கையைக் கீழே விட்டான்.

மருந்தும் கூடவே வந்தது, விருந்தாளியும் வந்தான். மனைவி என்று ஒருத்தி இருந்து, சண்டையில்லாமல் பிரிந்து போனபின், ஒஹாயோ வீட்டை விற்றுவிட்டு, ஒரு மாசம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு எங்காவது பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவன், வருஷம் ஒன்றைத் தாண்டி இன்னும் பெருமாள்புரத்தில் அக்காவின் மாடி அறையில்தான் கிடக்கிறான். பிரமு அக்கா, பிரம்மசக்தி, இவனுக்குப் பத்து வயசு மூத்தவள், ஒரு நாளும் எப்போது போகிறாய் என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் இதுதான்: "இது என்ன மாத்திரடே தம்பி?" வந்த புதிதில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் மாத்திரைக்குச் சொந்தக்காரர் கிடையாது. சமையலறை அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. அதில் சளி மாத்திரை, கேஸ் மாத்திரை, யாருக்கோ எப்போதோ எழுதிக்கொடுத்த காது சொட்டு மருந்து எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எனக்கு இது நல்லாக் கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போடு என்பாள், முறுக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி. அன்றைக்கு அவள் கேட்டதற்கு, கால்சியம்க்கா என்றான். ஏன் சொன்னான்? மூளைக்கு முன்னால் நாக்கு சொல்லிற்று. முதுகு வலிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், இத்தனை நாளாவா, இன்னும் தீரலையா, அதைப் போடாமலிருந்தா என்ன செய்யும்? கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது, ஒரு தடவை போடாமல் இருந்து பார்த்த பதில்: வியர்வை, மூக்கொழுகல், கால் தானாக உதறுவது, படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வந்தது. அதை எந்தத் தமிழில் சொல்வது? இங்கிலீஷில் அதற்கு வெள்ளைக் கோட்டு போட்ட சொற்கள் இருந்தன. தமிழில் ஒன்றுதான் இருந்தது, சாராயக் கடை வாசலில் விழுந்து கிடப்பவனுக்கும் அதே சொல்தான். அதனால் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த பெரிய வெள்ளைக் கால்சியம் பாட்டிலைக் காலி செய்து, அட்டையில் இருந்து மாத்திரைகளைப் பிதுக்கி, அதற்குள் போட்டு வைத்தான். அக்கா பார்க்கட்டும் என்று சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்தான். ஒளிக்கிறதற்கு நல்ல இடம் எல்லார் கண்ணும் படுகிற இடம்தான் என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

அப்புறம்தான் அது குறைய ஆரம்பித்தது. முதலில் கவனிக்கவில்லை. பிறகு பாட்டிலை ஆட்டும்போது சத்தம் வேறு மாதிரி கேட்டது. கணக்கு வைத்துப் பார்த்தான், கணக்கு உதைத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால் ஒரு மயக்கம் வரும், தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, வெந்நீரில் கால் வைத்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எழுந்துபோய்ப் போட்டுக்கொள்கிறேனோ? ராண்டியின் கை என் கையாகிவிட்டதோ? பாட்டிலை மாடிக்குக் கொண்டுபோனால் அக்கா ஏன் என்று கேட்பாள், அதனால் அங்கேயே விட்டான். தன் மேலேயே கண் வைத்தான். சாப்பாட்டு மேஜையைக் கடக்கும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்படியும் குறைந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் ஒரு கள்ளனுடைய பழக்கப்பட்ட, நல்ல முகமாக இருந்தது. டாக்டரிடம் 'இருக்கலாம்' என்றது அந்த முகம்தான்.

"எத்தன பேருடே நமக்கு முன்னால?" என்றார் அத்தான், பதிலுக்குக் காத்திராமல் பையில் இருந்து எள்ளுருண்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "தின்னு. ஒங்க அக்கா குடுத்து விட்டா. எள்ளு எலும்புக்கு நல்லதாம். எலும்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது பாரு, உன்கிட்ட கேக்கணும்னே இருந்தேன். அந்தக் கால்சியம் இன்னும் ரெண்டு பாட்டில் வரவழைக்க முடியுமா மாப்ளே?" எள்ளுருண்டை கைக்கும் வாய்க்கும் நடுவில் இருந்தது. "எந்தக் கால்சியம்?" "என்ன எந்தக் கால்சியம்? மேசையில இருக்கே, உன் பாட்டில். ஒங்க அக்கா டெய்லி ராத்திரி ஒண்ணு போடுதாளே. முட்டு வலி எங்க போச்சுன்னே தெரியலங்கா. ஆனித் தேருக்கு ரத வீதி நாலும் சுத்தி வந்தாடே! தேரு நிலைக்கு நிக்க வரைக்கும் வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டா. போன வருசம் வாசல் படி இறங்கதுக்கு என் தோள் வேணும். இப்ப நான் பின்னாலயே ஓடுதேன், ஏட்டி நில்லுட்டின்னு." பெரியவர் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, சின்ன மாத்திரதான், அருகம்புல் விதை கணக்கா. நம்மூரு கால்சியம் இருக்கே, தொண்டைல நிக்கும், சுண்ணாம்புக் கட்டி. அமெரிக்காக்காரன் சின்னதுலயே சத்த அடைச்சுட்டான்." கழுத்துப் பட்டைப் பெரியவர் உடம்போடு தலையாட்டி, "அவன் எதுலயும் அப்படித்தான்," என்றார். அத்தான் மறுபடி இவனைப் பார்த்தார். "உன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுதேன்னு சொன்னாளே. கேக்கலையா?"

கேட்டாளா. கேட்டாள். ஒரு மத்தியானம், வெந்நீரில் கால் வைத்த மத்தியானம், கூடத்துச் சோபாவில் சரிந்து கிடந்தபோது, தலைக்கு மேல் மின்விசிறியும் அதற்குக் கீழே அக்காவின் முகமும் சுற்றின. தம்பி, இதுல நான் ஒண்ணு போட்டுக்கிடட்டா, முட்டு இந்தா உயிர் போகு. 'ம்' என்றான். அதைக் கனவு என்று நினைத்திருந்தான். இல்லை, கனவு என்று நினைத்ததாக இப்போது நினைக்கிறான். நினைத்தானா? அந்த 'ம்' எங்கே இருந்து வந்தது, நெஞ்சிலிருந்தா, மாத்திரையிலிருந்தா? அவள் கேட்டது மாத்திரையைத்தானா, மேஜையில் இருந்த பழத்தை இல்லையா? பழத்தை யார் கேட்டு எடுப்பார்கள் அந்த வீட்டில்? மறுபடி மின்விசிறி, மறுபடி முகம், மறுபடி ம். கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி ஊசி ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டது. கணுக்காலில் பிடித்துக்கொண்டது, திகுதிகு. எள்ளுருண்டையை வாயில் போட்டு மென்றான், மெல்லுகிற சத்தம் மண்டைக்குள் பெரிதாகக் கேட்டது. முதலில் வந்தது, கடவுளே, முதலில் வந்தது ஆறுதல்தான். நான் இல்லை. என் கை இல்லை. கணக்குச் சரி, நான் ராண்டி இல்லை. டாக்டர் முன்னால் தலை நிமிர்ந்து போகலாம் என்று ஒரு குளிர்ந்த காற்று நெஞ்சில் அடித்தது, அக்காவின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்ததை நினைப்பதற்கு முன்னால். அந்த ஒரு மூச்சு நேரத்துச் சந்தோஷத்தைப் போல அசிங்கமான ஒன்றைத் தன் வாழ்நாளில் தனக்குள் பார்த்ததில்லை என்று தோன்றியது. கேட்டானா, ராண்டி? அவனாவது என்னவென்று தெரிந்து கேட்டான். தெரியாமல் கேட்ட அக்காவுக்கு நீ கொடுத்தாய்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது, வரிசையில் நின்றது. சித்திரையில் அக்கா நாலைந்து நாள் வாந்தி எடுத்தாள், பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தாள். இவன்தான் இஞ்சி தட்டிக் கொடுத்தான். வயிறு இறங்கவில்லை என்று வாழைப்பழமாகத் தின்றாள். மூக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள், திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சீரியல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிடுகிறாள், வயசாகிறது என்று அத்தான் ரிமோட்டை மெல்ல உருவிக்கொள்கிறார். போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள், பால் பொங்கித் தீயை அணைத்து, கேஸ் வாடை மாடி வரைக்கும் வந்தது. இவன்தான் இறங்கி ஓடி வந்து கேஸைத் திருகி அடைத்தான். இடுப்பு தெறித்தது. அக்கா விழித்து, அரைத் தூக்கத்தில் சிரித்துக்கொண்டு, "பாலு தானே டே, பொங்கினா நல்லதுதான்," என்றாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வேறு உண்டு. அதோடு இது சேரலாமா, சேரக் கூடாதா, அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் என்றைக்கு இப்படி ஒரு மாடிப்படி ஏறினாள்? அதுதான் சுட்டது. ஒஹாயோவிலும் பாளையங்கோட்டையிலும் டாக்டர்கள் அவன் முன்னால் உட்கார்ந்து இந்த வழி, அந்த வழி, யோசித்து வாருங்கள் என்றார்கள். அவளுக்கு யார் சொன்னார்கள்? முட்டு வலி, பொம்பளைக்கு வயசானா வரத்தான் செய்யும் என்றார்கள். எத்தனை வருஷமாகப் படிக்கட்டில் கை ஊன்றி இறங்கினாள், பொழுதெல்லாம் நின்று இவனுக்குத் தோசை வார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் முட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறானா? வலி என்று ஒன்று இருந்தால் அது தன்னுடையது மட்டும் என்றல்லவா உள்ளங்கையில் மூடி வைத்திருந்தான். அவள் ரத வீதி சுற்றினாள். தேரோடு போனாள். அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, என்ன செய்யலாம்? இன்றைக்கே நிஜக் கால்சியத்தை வாங்கிப் பாட்டிலில் நிரப்பிவிட்டால்? ஒரு குஞ்சுக்கும் தெரியாது. முடியாது. ரெண்டு நாளில் அவளுக்கு வியர்க்கும், கால் உதறும், மொட்டை மாடியில் அவள் சுற்றிச் சுற்றி வருவாள், அது என்னவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் வாயைப் பொத்திக்கொண்டு இஞ்சி தட்டுவான். இது ஒத்துக்காது அக்கா, நிறுத்திரு என்று மட்டும் சொன்னால்? அதுவும் அதேதான். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால்? அடுப்பு. பால். பாத்ரூம் ஈரத்தரை. அவள் விழுவதைப் பார்த்தான், ஒஹாயோ பனியில் அக்கா விழுந்தாள், விழுந்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று படுத்த வாக்கிலேயே திரும்பி அவனைப் பார்த்தாள். டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லலாம். அதில் ஒன்றும் கஷ்டமில்லை, அவர்தான் இங்கிலீஷில் பேசுகிறாரே. நினைத்ததும் உடம்பு லேசாயிற்று. ஆமாம். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். இங்கிலீஷில் முழுக்கச் சொல்லிவிடலாம், பாட்டிலை, அக்காவை, அளவை, எல்லாவற்றையும். அத்தானுக்கு எஸ், நோ, ஃபியூஸ், ஃபால்ட் தெரியும். இவன் வேகமாகப் பேசினால் ஒரு எழுத்துப் புரியாது. டாக்டர் விவரமானவர், முகத்தில் காட்ட மாட்டார், அக்காவை ஒரு தடவை கூட்டி வாருங்கள், கால்சியம் கொஞ்சம் கூடிவிட்டது, மெதுவாகக் குறைக்கலாம் என்று தமிழில் ஒரு வரி சொல்லுவார். அத்தான் தலையாட்டுவார். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். ரெண்டு பாஷை படித்ததற்கு இந்த ஒரு பிரயோஜனமாவது வேண்டாமா? ஒன்றில் நடக்கிற அசிங்கத்தை இன்னொன்றில் கழுவிக்கொள்ளலாம். எவ்வளவு நேர்த்தி. எவ்வளவு நேர்த்தி என்று மறுபடி நினைத்தபோது அந்த நேர்த்தியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஒளிக்கிறதற்கு நல்ல இடம் எல்லார் கண்ணும் படுகிற இடம்தான். பாட்டில்தான் வேறு.

"முகமெல்லாம் வேர்த்திருக்கேடே," என்றார் அத்தான். எழுந்து வந்துவிட்டார். மஞ்சப்பையில் இருந்து துண்டை எடுத்து நீட்டினார். "ரொம்ப வலிக்கா?" இவ்வளவு நாளில் அவர் இப்படிக் கேட்டதில்லை, கேலிதான் பேசுவார், மச்சினனிடம் வேறு எப்படிப் பேசுவது. 'பரவால்ல' என்று வந்ததை விழுங்கினான். "வலிக்கு அத்தான்." அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பயந்துபோனான், ஒன்றும் இடிந்து விழவில்லை. அத்தான் டிவியைப் பார்த்தார். கத்தரிக்காய் எண்ணெயில் விழுந்திருந்தது. "உங்களுக்கு எங்க திருமலைச் சித்தப்பா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். "யாரு, பாயசச் சித்தப்பாவா? மறக்க முடியுமா? என் கல்யாணத்துல நாலு பந்தி உக்காந்த மனுசன்லா." "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு ஒண்ணு சொல்லுவாரே. நாலாம் நாளு என்னன்னு சொல்லுவாரு?" அத்தான் கண்ணைச் சுருக்கினார், சித்தப்பா மாதிரியே முந்திக்கொண்டு சிரித்தார். "நாலாம் நாளு எலையெடுக்கச் சொல்லுன்னு சொல்லுவாரு. மூணு நாளு விருந்தாளி, நாலாம் நாளும் இருந்தாம்னா வீட்டு ஆளு, எலையெடுக்கச் சொல்லு." "மருந்துக்கு?" "மருந்துக்கு ஒண்ணும் சொன்ன மாதிரி இல்லையே. அவரு என்னைக்கு மருந்து சாப்பிட்டாரு, சீனி வியாதி வந்து கால எடுக்கச் சொன்னப்பவும் பாயசம்தான் கேட்டாரு." துண்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தபடி, "என்னத்துக்குடே இப்ப அது?" என்றார். "சும்மாத்தான்." சும்மாதான். ஒரு வருஷமாக அவன் தின்ற இலையை அக்காதான் எடுக்கிறாள், முட்டு வலியோடு எடுத்தாள், இப்போது வலியில்லாமல் எடுக்கிறாள். சித்தப்பா மருந்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருப்பார் என்று இத்தனை நேரம் காத்திருந்தது வீண். கணுக்கால் எரிந்தது. ஒட்டுகிற மருந்து என்றால் இடுப்புக்கு மேலே, முதுகில், தன் கை எட்டாத இடத்தில் என்று டாக்டர் காட்டியிருந்தார். யாராவது ஒட்டிவிட வேண்டும். அறுவைத் தழும்பு தெரியும், அதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் கூடப் பனியனோடுதான் நிற்பான். அத்தானின் கை விரல்கள் தடித்தவை, கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தோல் காய்த்தவை. அந்தக் கை அந்த இடத்தில் படுவதை நினைத்தபோது முதுகு கூசிற்று. மாத்திரை என்றால் தன் கை, தன் வாய், ஒருவர் கண்ணும் வேண்டாம். அந்தச் சுகத்துக்குத்தானே.

"சைலப்பன்," என்று உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அத்தான் பையை எடுத்துக்கொண்டு, "நான் வெளியே இருக்கட்டா? உங்களுக்குள்ள இங்கிலீஷ்ல என்னமும் பேசுவீக, நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கணும்," என்றார். கழுத்துப் பட்டைப் பெரியவர், "போங்க அண்ணாச்சி, ஏசி உண்டு உள்ள," என்றார். "வாங்க அத்தான்," என்றான் சைலப்பன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான், அவர் முதலில் போகட்டும் என்று. டாக்டர் மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்து, இங்கிலீஷில், உட்காருங்கள், என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அரச இலை அதே இடத்தில் இருந்தது. அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் பையை நேராக வைத்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒட்டு மருந்து போட்டுக்கொள்வதாகச் சொன்னான். வாரம் ஒரு தடவை அத்தான் ஒட்டிவிடட்டும், மிச்சம் அவரிடமே இருக்கட்டும் என்றான். மேஜையில் இருக்கிற பாட்டிலில் கால்சியம் இல்லை என்பதையும், அதில் இருப்பது என்ன என்பதையும், அக்காவைச் சாயங்காலமே கூட்டிவர வேண்டும் என்பதையும் தமிழில் சொன்னான்.